தெரியேல்லை டாக்டர்

நோயாளிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘தெரியேல்லை டாக்டர்’. சொந்தப் பெயர் வேறு. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அவருடைய மக்கள் எங்கேயாவது இருப்பார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கு டவுனுக்குள் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் நான் நர்சாக இருந்தேன். அவர் எங்கள் வார்டு டாக்டர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, படித்து, வேலைக்காக இங்கே வந்தவர். உயரமான, ஒல்லியான மனிதர். இருந்த கால்சட்டைகள் எல்லாம் கிழிந்துபோனபோது ஆஸ்பத்திரித் திரைத்துணியில் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டார். பச்சைக்கோடு போட்ட அந்தக் கால்சட்டையோடுதான் இன்றைக்கும் என் நினைவில் நடந்து வருகிறார்.

“எம் புருசன் பொழைச்சிருவாரா டாக்டர்?” என்று ஒரு பெண் கேட்பாள். மற்ற டாக்டர்கள் என்றால் “ஒண்ணும் ஆகாதும்மா, கவலைப்படாதே” என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். இவர் நிற்பார். அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்ப்பார்.

“எனக்குத் தெரியேல்லை அம்மா.”

அவ்வளவுதான். சிலர் அழுவார்கள், சிலர் திட்டுவார்கள். ஒரு கிழவர், “தெரியாதவன் எதுக்குடா டாக்டருக்குப் படிச்சே?” என்று படுக்கையில் இருந்தபடியே கத்தினார். அவர் அதற்கும் கோபப்படவில்லை. “அதுதான் நானும் யோசிக்கிறன்” என்றார்.

மழை வருமா என்று கேட்டால்கூட அவரிடமிருந்து சுலபமாகப் பதில் வராது. வராந்தாவுக்குப் போய்க் கொடிமலைப் பக்கம் பார்த்துவிட்டு வந்து, “மலையில கறுத்திருக்கு. ஆனா வருமெண்டு சொல்லேலாது” என்பார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

அவருடைய மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் சண்டை தொடங்குவதற்கு முன்னால் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனவர்கள். அதற்குப் பிறகு கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. ஒருநாள் அவர் ஜன்னலோரம் தனியாக நிற்பதைப் பார்த்து, “அவங்க நல்லாத்தான் இருப்பாங்க டாக்டர்” என்று ஆறுதலாகச் சொன்னேன். சட்டென்று திரும்பினார்.

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு எந்த வழியிலாவது ஏதாவது செய்தி கிடைத்திருக்குமோ என்ற ஆசையோடு கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு யாருக்கும் ஆறுதல் சொல்லும்போது எனக்கு நாக்குக் கொஞ்சம் தடுக்கும்.

ஆனால் அவருக்குத் தெரிந்ததும் இருந்தது. சண்டை தொடங்கி, டவுனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நாட்களில் ஆஸ்பத்திரி வராந்தாவெல்லாம் காயம்பட்டவர்கள். வெள்ளைக்கார டாக்டர்களும் மேட்ரனும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கப்பல் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். அட்டெண்டர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, “அவங்க திரும்பி வருவாங்களா டாக்டர்? நாமளும் ஓடிடலாமா?” என்று கேட்டார்கள். அவர் தரையில் கிடந்த ஒரு ரிக்‌ஷாக்காரனின் பக்கத்தில் குந்தியிருந்தார். “அவை வருவினமோ தெரியேல்லை. இந்தாளின்ர காலை இப்ப எடுக்காட்டி இவன் சாவான். அது தெரியும். தண்ணி கொதிக்க வையுங்கோ” என்றார். ஓட நினைத்தவர்கள் அடுப்பைப் பற்ற வைத்தார்கள்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னான். இருட்டிலேயே எழுந்து வேலைக்கு ஓடினோம். வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய்க்கு இடுப்பு வளையக் குனிய வேண்டும். குனிந்தது போதாது என்று தோன்றினால் கன்னத்தில் அறைவான். தீவை விட்டு அக்கரைக்குப் போகப் பாஸ் வேண்டும். அது எங்களுக்குக் கிடைக்காது. சின்ன வயதில் கடலைப் பார்த்தால் எனக்கு ஊர் திறந்து கிடப்பது போல இருக்கும். அந்த வருஷங்களில் அதுவே மதில் சுவரைப் போலத் தெரிந்தது.

அரிசி குறைந்தது. கிடைத்ததும் தீட்டித் தீட்டிச் சத்தெல்லாம் போன பழைய வெள்ளை அரிசி. அதுவும் போய் மரவள்ளிக்கிழங்கே மூன்று வேளையும் என்று ஆனது. ஊரில் பெரிபெரி பரவியது. கால் வீங்கும், மூச்சு வாங்கும், ஒருநாள் நெஞ்சு நின்றுவிடும். பெரியவர்களுக்கு வந்ததை நாங்கள் எப்படியோ தாங்கிக்கொண்டோம். கைக்குழந்தைகளுக்கு வந்ததைத்தான் பார்க்க முடியவில்லை. தாயின் உடம்பில் சத்து இல்லாவிட்டால் பாலிலும் இருக்காது. அந்தப் பாலைக் குடித்த குழந்தைக்கு முதலில் குரல் போய்விடும். வாயை அகலமாகத் திறந்து, முகம் சிவக்க அழும். சத்தமே வராது. அப்போது எங்கள் மாடி வார்டு முழுக்கத் தாய்மாரும் குழந்தைகளும். ஆனால் கரண்டி கீழே விழுந்தால் கேட்கும்.

தவிட்டிலும் ஈஸ்ட் என்கிற நொதியிலும் அந்தச் சத்து இருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியும். தவிட்டையெல்லாம் ராணுவம் எடுத்துக்கொண்டது. அப்போதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். பாயான் லெப்பாஸ் பக்கம் தென்னந்தோப்புகளில் கள் இறக்கும் குடும்பங்களில் இருந்து யாருமே கால் வீங்கி வரவில்லை. கள்ளின் அடியில் தங்கும் வண்டல் முழுக்க நொதிதான். அதைத் தாய்மாருக்குக் கொடுத்தால் என்ன?

ஆனால் அந்த வண்டலில் சத்து எவ்வளவு இருக்கும், அது பாலில் இறங்குமா என்று எதுவும் அவருக்குத் தெரியாது. பச்சையாகக் கொடுத்தால் உயிருள்ள நொதி வயிற்றுக்குள் போய் இருக்கிற சத்தையும் தின்றுவிடுமோ என்று பயந்தார். அதனால் மண்ணெண்ணெய் டின்னில் ஊற்றிக் காய்ச்சினார். கள்ளுக்கடை நாற்றம் வார்டைத் தூக்கியது. விபூதி பூசாமல் வெளியே கிளம்பாத மனிதர், முட்டை கூடத் தொடாதவர், அந்த டின்னுக்குப் பக்கத்தில் நின்று கிண்டிக்கொண்டிருப்பார். தெருவில் அவரைத் தாண்டிப் போகிறவர்கள் மூக்கைச் சுளித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

தினம் ஒரு சைக்கிளில் வரும் கள் பாதி வார்டுக்குத்தான் போதும். அந்தக் குறையையே அவர் சோதனையாக்கினார். ஜன்னல் பக்கக் கட்டில்களில் இருக்கிற தாய்மாருக்கு வண்டல். சுவர் பக்கக் கட்டில்களுக்கு வழக்கமான சாப்பாடு மட்டும். யார் வந்தாலும் அப்போது எந்தக் கட்டில் காலியாக இருக்கிறதோ அதுதான். அவர் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை. எங்களையும் தேர்ந்தெடுக்க விடவில்லை. வண்டலை நர்சுகள் கையில் கொடுக்கவும் இல்லை. அவரே ஒவ்வொரு தாய்க்கும் கரண்டியால் ஊற்றினார். “இது உங்கட கையால வேண்டாம். நாளைக்கு ஆரும் கேட்டா என்னைக் கேக்கட்டும்” என்றார்.

அந்த நேரத்தில்தான் என் அக்கா வந்தாள்.

அத்தான் ஏற்கெனவே ஆண்கள் வார்டில் படுத்திருந்தார். கப்பல்துறையில் மூட்டை தூக்குபவர். நான் போகும்போதெல்லாம் வீங்கிய காலைக் காட்டி, “எனக்குச் சேரவேண்டிய சாப்பாட்டையெல்லாம் இவன்தான் தின்னுட்டான் லா” என்று சிரிப்பார். அக்கா வீட்டில் நான்கு மாதப் பெண் குழந்தையோடு தனியாக இருந்தாள். ஒரு காலை ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். மடியில் குழந்தை வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. சத்தம் இல்லை.

காலியாக இருந்தது சுவர் பக்கக் கட்டில்.

டாக்டரை வராந்தாவில் பிடித்தேன். “எங்க அக்காவுக்கும் ஒரு கரண்டி குடுத்திருங்க டாக்டர்.”

“எந்தப் பக்கம்?”

“சுவர் பக்கம்.”

“அப்ப ஏலாது பிள்ளை.”

“என் கூடப்பிறந்தவ டாக்டர்.”

“ஓம். பக்கத்துக் கட்டில் சீன மனுசிக்கும் கூடப்பிறந்தவை இருப்பினம். அவைக்கு என்ன சொல்லுவன்?”

“புள்ள செத்துரும்.”

“குடுத்தாலும் சாகலாம். ஜன்னல் பக்கத்திலயும் ஒண்டு செத்தது, நீர்தானே துணி சுத்தினனீர்? சுவர் பக்கத்தில ஒண்டு தானாத் தேறியிருக்கு. இந்தச் சாமான் நல்லது செய்யுதோ கெடுதல் செய்யுதோ, எனக்குத் தெரியேல்லை.”

“தெரியலன்னா குடுத்துப் பாக்கிறதுல என்ன போச்சு?”

“எல்லாருக்கும் குடுத்துப் பாத்தா ஒருநாளும் தெரியவராது.” அவர் குரல் தாழ்ந்தது. “இந்த வார்டு மட்டுமே? தீவு முழுக்க இந்தப் பிள்ளையள் சாகுதுகள். வீடு வீடாய்ச் சாகுதுகள். எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சா எல்லா இடத்துக்கும் சொல்லலாம். தெரியாமல் என்னத்தைச் சொல்ல?”

அவர் சொன்னது புரிந்தது. புரிந்ததால் வெறுப்பு குறையவில்லை. அன்று முதல் அவருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினேன். அவர் தினமும் வந்து அக்காவின் குழந்தையையும் பார்ப்பார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பார். எவ்வளவு நேரம் கேட்பார் என்றால், அக்கா அவர் முகத்தையே பார்த்துப் பார்த்துக் களைத்துப்போவாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, கரண்டியை எடுப்பார். அந்தக் கரண்டி டின்னில் இடிக்கும் சத்தம் வரும்போதெல்லாம் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு மேலதிகாரியாக ஒரு ஜப்பானிய ராணுவ டாக்டர் இருந்தார். இளைஞர். ஆங்கிலம் மெதுவாக, சுத்தமாகப் பேசுவார். முதல் தடவை வந்தபோது, படுத்திருக்கும் ஆண்களில் அடுத்த மாதம் எத்தனை பேர் வேலைக்கு ஆவார்கள் என்று கேட்டார். தெரியாது என்றார் இவர். கூட வந்த சிப்பாய் அறைந்த அறையில் மூக்குக்கண்ணாடி பறந்தது. அதைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, “இப்பவும் தெரியாது” என்றார். ராணுவ டாக்டர் சிப்பாயைத் தடுத்தார். அதன்பிறகு அவருக்கு இவர்மேல் ஒரு மரியாதை வந்திருக்க வேண்டும். கள் வர அனுமதி கொடுத்ததும் அவர்தான்.

அக்கா வந்து சில நாட்களில் அந்த ராணுவ டாக்டர் மறுபடி வார்டுக்கு வந்தார். தீவில் இறக்கும் கள் முழுவதையும் லாரிகளுக்கு எரிசாராயம் காய்ச்ச எடுத்துக்கொள்ள மேலிடம் முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். நோயைக் குணமாக்கும் மருந்து என்றால் மட்டும் தன்னால் தடுக்க முடியும், இன்னும் கூடுதலாகவும் வாங்கித் தர முடியும். அன்று மாலையே பதில் சொல்லியாக வேண்டும்.

“குணமாக்குகிறதா?”

“இன்னும் சில வாரம் வேண்டும்” என்றார் எங்கள் டாக்டர்.

“வாரம் இல்லை. ஆம், அல்லது இல்லை.”

வார்டு முழுக்க அவரைப் பார்த்தது. ஆங்கிலம் தெரியாத தாய்மாருக்குக் கூட ஏதோ முடிவாகப்போகிறது என்று தெரிந்தது. அவர் ஜன்னல் பக்க வரிசையைப் பார்த்தார். சுவர் பக்க வரிசையைப் பார்த்தார். என் அக்காவின் குழந்தை வாய் திறந்து கிடந்தது.

“ஆம்” என்றார். “குணமாக்குகிறது.”

மறுநாள் மூன்று சைக்கிள்களில் கள் வந்தது. அவர் சுவர் பக்கத்து மூலையில் இருந்து தொடங்கினார். வரிசையாக எல்லோருக்கும் ஊற்றினார். மிஞ்சியதை ஆண்கள் வார்டுக்குக் கொண்டுபோனார். அதே வாரம் டவுன் வியாபாரி ஒருவர் எங்கோ பதுக்கி வைத்திருந்த பச்சைப்பயறு ஒரு மூட்டையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதையும் அவித்துக் கொடுத்தோம். சில நாள் கழித்து, பால் கொடுக்கும் நேரத்தில், அக்காவின் குழந்தை தவளை கத்துவது போல ஒரு சத்தம் போட்டது. மறுநாள் அது அழுகையாக ஆனது. பக்கத்துக் கட்டில் சீனப் பெண் கைதட்டினாள். நான் வெறுப்பையெல்லாம் மறந்து அவரிடம் ஓடினேன்.

“டாக்டர், அழுவுது! கேக்குதா? கள்ளுதான் டாக்டர், கள்ளுதான்!”

அவர் வந்து குழந்தையின் நெஞ்சைக் கேட்டார். தலையசைத்தார். “நல்லாயிருக்கு” என்றார். வெளியே வந்ததும் என்னிடம் மட்டும் சொன்னார்: “கள்ளோ, பயறோ, தானாகவோ. இனி அறிய வழியில்லை. நான் அதைக் கெடுத்துப்போட்டன்.” அதை ஏன் அவ்வளவு துக்கமாகச் சொல்கிறார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

அதிக நாள் ஆகவில்லை. ஒரு காலை ஆஸ்பத்திரி முற்றத்தில் இரண்டு லாரிகள் நின்றன. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். தெருவில், பாசாரில், சினிமாக் கொட்டகை வாசலில் எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஆண்கள் வார்டுக்கே வந்துவிட்டார்கள். அங்கேயும் வண்டல் கொடுத்ததில் பலருக்கு வீக்கம் வற்றியிருந்தது. எழுந்து நிற்க முடிந்தவர்களையெல்லாம் வரிசையில் நிறுத்தினார்கள். அத்தானும் நின்றார்.

டாக்டர் லாரிக்கு முன்னால் போய் நின்றார். “இவர்களுக்கு வீக்கம்தான் வற்றியிருக்கிறது. இருதயம் இன்னும் பலவீனம். சுமை தூக்கினால் விழுந்து சாவார்கள். இவர்கள் குணமாகவில்லை.”

“குணமாக்கும் என்று சொன்னது நீங்கள்தான்” என்றார் ராணுவ டாக்டர்.

“அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாமல் சொன்னேன்.”

அந்த இளைஞர் நெருங்கி வந்தார். சுற்றி நின்ற சிப்பாய்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். “நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். அன்று பொய் சொன்னீர்களா, இன்று பொய் சொல்கிறீர்களா? அன்று பொய் என்றால் இன்றோடு கள் நின்றுவிடும்.”

மாடியில் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. எல்லாக் குழந்தைகளும் சத்தமாக அழுதன. டாக்டர் அண்ணாந்து அந்த ஜன்னல்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. ஒரு சிப்பாய் தோளைப் பிடித்துத் தள்ளினான். அவர் விலகி நின்றார்.

அத்தான் லாரியில் ஏறும்போது என்னைப் பார்த்துவிட்டார். “அக்காகிட்ட காலு வத்திருச்சுன்னு சொல்லு. நானே ஏறினேன்னு சொல்லு” என்றார். சிரிக்கவும் செய்தார்.

அதற்குப் பிறகு சண்டை முடியும்வரை டாக்டர் தினமும் வந்தார், வண்டல் காய்ச்சினார், ஊற்றினார். யாராவது “பொழைச்சிருவாரா டாக்டர்?” என்று கேட்டால் பேசாமல் கையைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பழைய பதிலுக்காக நான் ஏங்கினேன். ஒருமுறை நானே, “தெரியாதுன்னாவது சொல்லுங்க டாக்டர், பாவம் காத்துக்கிட்டு இருக்காங்க” என்றேன். “அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு ஒழுங்கு வேணும் பிள்ளை. எனக்கு அது போயிட்டுது” என்றார்.

ஆங்கிலேயர்கள் திரும்பி வந்தபோது டின் டின்னாக வைட்டமின் மாத்திரைகளும் வந்தன. கள்ளைப் பற்றி யாருக்கும் கவலை இல்லாமல் போயிற்று. புதிதாக வந்த வெள்ளைக்கார டாக்டர் இவருடைய சோதனையைக் கேள்விப்பட்டு, அருமையான வேலை, எழுதி அனுப்புங்கள், லண்டனில் அச்சிடலாம் என்றார். “எழுத ஒன்றும் இல்லை. பாதியில் விட்டுவிட்டேன்” என்று சொல்லிவிட்டு இவர் வெளியே போய்விட்டார்.

சயாமில் இருந்து ரயில்கள் வரத் தொடங்கின. அக்கரையில் பிறை என்ற ஊரின் ரயில் நிலையத்தில் இறங்கினவர்களைப் பார்த்தால் மனிதர்கள் என்றே சொல்ல முடியாது. டாக்டர் வேலை முடிந்ததும் ஃபெர்ரி ஏறி அங்கே போய்விடுவார். இறங்குகிறவர்களின் கால்களைப் பார்ப்பார், புண்களைக் கட்டுவார், முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவார். அன்று லாரியில் ஏற்றப்பட்டவர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, கண்டீர்களா, கண்டீர்களா என்று விசாரிப்பார். இத்தனை பெயர்களை அவர் மனதில் வைத்திருந்தார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அக்காவும் போனாள். குழந்தைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் அதே ஃபெர்ரியில் போவாள். நடந்ததையெல்லாம் நான் அவளிடம் முன்பே சொல்லியிருந்தேன். அவளும் டாக்டரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் ஒரு முனையில் நிற்பார், அவள் மறுமுனையில் நிற்பாள்.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். ரயிலில் இருந்து இறங்கிய ஒருவர், எங்கள் ஆண்கள் வார்டில் இருந்தவர், டாக்டரை அடையாளம் கண்டுகொண்டார். டாக்டர் முதலில் கேட்டது அத்தான் பெயரைத்தான்.

“போன புதுசுலயே டாக்டர். கட்டை தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறுனோம். கொஞ்சம் உக்காந்துக்கிறேன்னான். உக்காந்தவன் எந்திரிக்கல.”

“கால் வீங்கியிருந்ததோ?”

“இல்லையே. காலு நல்லாத்தான் இருந்துச்சு.”

அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்த மனிதருக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

திரும்பி வரும் ஃபெர்ரியில், முதல் தடவையாக டாக்டர் அவள் நின்ற பக்கத்துக்கு வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி சொன்னார்:

“நான் ஓமெண்டு சொல்லாட்டி உங்கட மனுசனை ஏத்தியிருக்க மாட்டாங்கள் தங்கச்சி.”

“நீங்க அப்படிச் சொல்லலன்னா இவ இருந்திருப்பாளா?” என்றாள் அக்கா.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது.

“வேணாம் டாக்டர், பதில் சொல்ல வேணாம். இவளைக் கொஞ்சம் பிடிங்க.” குழந்தையை இடுப்பில் இருந்து இறக்கி அவர் கையில் திணித்தாள். “நான் அழுவணும்.”

அத்தனை குழந்தைகளின் நெஞ்சைக் கேட்டவருக்கு ஒரு குழந்தையைத் தூக்கத் தெரியவில்லை. இரண்டு கைகளிலும் ஏந்தியபடி அப்படியே நின்றார். அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு கம்பியில் சாய்ந்தாள். ஃபெர்ரி படகுத்துறையில் முட்டியது, கயிறு போட்டார்கள், ஆட்கள் இடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். அவர் நகரவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை குழந்தையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.